பெட்ரோல் முள் இறங்கினதும் மீட்டரை மாற்றச் சொல்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. குன்னூரில் ஒரு பெட்ரோல் காருக்கு நடந்தது இது. டேங்க் நிரப்பியும் முள் பாதியிலேயே நிற்கிறது, பிரேக் மிதித்தால் இன்னும் இறங்குகிறது என்று சொல்லித்தான் வண்டியை விட்டிருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் பின் சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் "மீட்டர் போச்சு" என்று சொல்லி, எங்கிருந்தோ ஒரு பழைய மீட்டர் போர்டைக் கொண்டுவந்து மாட்டினார்கள். முள் அப்படியே நின்றது. அடுத்து "டேங்க் யூனிட்டும் போச்சு" என்று, டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்லும் அந்த யூனிட்டைப் பம்ப்போடு சேர்த்து மொத்தமாக மாற்றினார்கள். கூலியும் சேர்த்து 14,000 ரூபாய். வயரை அசைத்ததில் சில நாள் முள் ஒழுங்காக நின்றது, பிறகு பழைய கதை. கடைசியில் வேறொரு எலக்ட்ரீஷியன் பார்த்தபோது, டிக்கிக்குள் பாடியில் முடுக்கியிருந்த எர்த் லக் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வயர் முனையில் அடிக்கும் வளையம்) பச்சை பூத்து, போல்ட்டுக்கு அடியில் துரு ஏறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்ததோடு வேலை முடிந்தது.

பிரேக் மிதித்தால் முள் இறங்குகிறது என்று வண்டிக்காரர் சொன்ன அந்த ஒரு வரியிலேயே கோளாறு எங்கே என்பது இருக்கிறது. பல வண்டிகளில் பின்பக்க விளக்குகளுக்கும் டேங்க் யூனிட்டுக்கும் எர்த் ஒரே இடத்தில்தான். பிரேக் லைட் பல்பு இரண்டும் ஆளுக்கு 21 வாட், சேர்ந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த எர்த் வழியாக அவ்வளவு கரண்ட் போகும்போது அங்கே வோல்டேஜ் ஏறும், டேங்க் யூனிட் வழியாகப் போகும் கரண்ட் குறையும், முள் கீழே வரும். நம் பனியிலும் மழையிலும் பாடி எர்த் கெடுவது ஒன்றும் அதிசயமில்லை. அதை முதலில் பார்க்காத எலக்ட்ரீஷியன் மலையில் கடை வைத்திருப்பதுதான் அதிசயம்.

நீங்களே பார்க்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்து, டேங்குக்குள் மிதந்து அளவு காட்டும் ஃப்ளோட் பொய் சொல்லும். நம் ஊரில் சமதரை கிடைப்பதே கஷ்டம், பங்க் வாசலில் வேண்டுமானால் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், சோதனையை அங்கே செய்யாதீர்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் கை வைக்கவே வேண்டாம்.

சாவியை அணைத்துவிட்டு, பின் சீட்டுக்கு அடியில் டேங்க் யூனிட்டின் வயர்கள் சேரும் பிளக்கான கப்ளரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் நாலு வயர் இருக்கும்: பம்புக்கு இரண்டு, ஃப்ளோட்டுக்கு இரண்டு. தடிமனானவை பம்புடையவை, அவற்றைத் தொடாதீர்கள். டேங்க் பக்கம் ஃப்ளோட் பின்கள் இரண்டிலும் ஓம் பாருங்கள். ஜப்பானிய வழி வந்த பல வண்டிகளில் டேங்க் நிறைந்திருந்தால் 3 முதல் 5 ஓம், காலியென்றால் 100 முதல் 120 ஓம். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் இது தலைகீழ், அதனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். அளவு சரியாக வந்தால் டேங்க் யூனிட்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. வண்டியை லேசாக ஆட்டும்போது அளவு திடீரென்று எல்லையில்லாமல் போய்த் திரும்பினால், உள்ளே ரெசிஸ்டன்ஸ் தகடு தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் யூனிட்டுக்குச் செலவு.

அடுத்தது எர்த். கப்ளரை மாட்டி, சாவி ஆன் செய்து, டேங்க் யூனிட்டின் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.1-க்குள் இருக்க வேண்டும். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். அளவு குதித்தால் திருடன் அங்கேதான்.

மீட்டரைச் சோதிக்க, சாவியை அணைத்து, கப்ளரை மறுபடி கழற்றி, அதன் வயர் பக்கம் ஃப்ளோட் பின்களுக்கு நடுவே 33 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பிறகு சாவி போடுங்கள். சில நிமிடத்தில் முள் நடுப்பக்கம் வந்து நின்றால் மீட்டரும் வயரும் நலம். சில மெக்கானிக்குகள் சிக்னல் வயரை நேராக பாடியில் தொட்டுப் பார்ப்பார்கள். பழைய மீட்டர்கள் அதைத் தாங்கிவிடும். கம்ப்யூட்டர் வழியாக முள் காட்டும் புது வண்டிகளில் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

பழைய மீட்டர் போர்டு மாட்டுவதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கிலோமீட்டர் ரீடிங் அந்த போர்டோடு வரும். நாளைக்கு வண்டியை விற்கப் போனால் ரீடிங்கைத் திருத்தியதாகத்தான் வாங்குபவர் நினைப்பார். அப்படி மாற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு ரீடிங்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். டேங்க் நிறைய இருக்கும்போது யூனிட்டைக் கழற்றினால் பெட்ரோலை இறக்கியாக வேண்டும். எத்தனை லிட்டர் இறக்கினார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள், முள் வேலை செய்யாத வண்டியில் திரும்ப ஊற்றினார்களா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கழற்றிய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பில்லும் பழைய பாகமும் இல்லாமல் போனால் அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது.