189 வெள்ளிப் ‘போர்ப் பை’: போகிறவனுக்கா, வீட்டில் இருக்கிறவனுக்கா?

மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா கடைத்தெருவில் (பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஓர் இரும்புக்கடை. உர மூட்டைக்கும் செம்பனைக் குலை வெட்டும் அரிவாளுக்கும் நடுவே, ராணுவப் பச்சையில் ஒரு முதுகுப்பை தொங்குகிறது. மேலே கையால் எழுதிய அட்டை: ‘3-ஆம் உலகப் போர் வந்தால்? 72 மணி நேரப் பை. 189 வெள்ளி.’ அதைப் படிக்கிறவர்கள் விலையை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

“அமெரிக்காவும் சீனாவும் அடிச்சிக்கிட்டா நம்ம பிள்ளைங்க போவாங்களாண்ணே?”

“யாருக்காகப் போறது தம்பி? ரெண்டு பேரும் நம்மகிட்ட செம்பனை எண்ணெய் வாங்குறவன்தானே.”

இந்தப் பேச்சுக்கும் பைக்கும் சம்பந்தம் இருக்கிறது. தயாரித்தவர் போருக்குப் போகிறவனை மனதில் வைத்து இதைத் தயாரித்திருக்கிறார். வாங்குகிறவர்களோ வீட்டிலேயே இருக்கப் போகிறவர்கள். குறைகளில் முக்கால்வாசி அதனால் வந்தவை. முழுப் பையாக வாங்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. ரேடியோவும் ஆவண உறையும் தேறும். மற்றதை உங்கள் சமையலறையும் பக்கத்து மளிகைக்கடையும் இதைவிட நன்றாகச் செய்யும்.

போகிறவனுக்கான சாமான்களை முதலில் முடித்துவிடலாம். கத்தியின் கைப்பிடி உள்ளே வெற்றிடம். அலகு ஓர் அங்குலம்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. தேங்காய் மட்டையில் நாலு போடு போட்டால் அந்த இணைப்பில்தான் ஒடியும். எந்த லயத்து வீட்டிலும் இதைவிட நல்ல பாராங் இருக்கிறது. தவிர, காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தியோடு நடமாடுவது 1958-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வம்பு. ராணுவப் பச்சைப் பையில் வைத்துக்கொண்டு போலீஸ் தடுப்பில் நின்றால் விளக்கம் சொல்லி மாளாது. கம்பி ரம்பம் வளையம் மாட்டிய இடத்தில் அறுந்துவிடும். வெள்ளித்தாள் போர்வை பனி நாட்டில் உடல் சூடு இறங்காமல் இருக்கச் செய்தது. வெள்ளத்தில் நனைந்த குழந்தையைச் சுற்ற உதவும், மறுக்கவில்லை. திசைகாட்டி, மீன் தூண்டில், தீக்கல் எல்லாம் பெட்டியை நிரப்பத்தான்.

ரேடியோவுக்கு வருவோம். கையால் சுற்றும் டைனமோ, தலையில் சின்ன சோலார் தகடு, எல்இடி விளக்கு, யுஎஸ்பி வாசல், உள்ளே 2,000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. ஒரு நிமிடம் சுற்றினால் சத்தத்தைக் குறைத்து வைத்துச் சுமார் 10 நிமிடம் கேட்கலாம். செய்திக்கு அது போதும். ஆனால் அட்டைப்பெட்டியில் ‘போன் சார்ஜ் செய்யலாம்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பேட்டரி முழுசாக நிறைந்திருந்தாலும் 5,000 மில்லி ஆம்பியர்-மணி போனுக்கு மூன்றில் ஒரு பங்குகூட ஏறாது. காலி பேட்டரியைக் கையால் நிரப்ப 4 மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். அதற்குள் கைப்பிடியின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிடும். சோலார் தகடு நல்ல வெயிலில் 5, 6 நாள் எடுக்கும். அவசரத்துக்கு ஒரு போன் அழைப்பு, அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்று. பட்டனில் ‘டபிள்யூபி’ என்று ஓர் அலைவரிசை இருக்கிறது. அது 162 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் வானிலை அறிவிப்புக்கு உரியது. இங்கே திருப்பினால் இரைச்சல்தான் வரும், ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எஃப்எம்மில் 96.3-இல் மின்னல் எஃப்எம் இந்த வட்டாரத்தில் கிடைக்கும். மின்சாரமும் இணையமும் போனபிறகு தமிழில் அறிவிப்பு கேட்க ரேடியோவை விட்டால் வேறு வழி கிடையாது என்பதால், இந்தப் பையில் உருப்படியான சாமான் இது ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

காசு கொடுக்குமுன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நொடிக்கு இரண்டு சுற்று வீதம் ஒரு நிமிடம் சுற்றுங்கள். சார்ஜ் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, சுற்றும்போது ‘கடக்’ என்று பல் வழுக்கினாலோ வேறு பெட்டி கேளுங்கள். வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் ஏறும் என்று நினைத்துத்தான் பலர் உடைக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனபின் பாதி சார்ஜில் வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். ஒரு வருடம் அலமாரியில் மறந்துவிட்டால் பேட்டரி அடியோடு இறங்கிப் பிறகு ஏறவே ஏறாது. பின்பக்கம் திருகாணி போட்ட மூடி இருந்தால் பேட்டரியை மாற்றலாம், ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் முடியாது. கடையில் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன.

தண்ணீர் விஷயத்தில் பை ஏமாற்றுகிறது. 125 மில்லி பொட்டலம் 6, மொத்தம் முக்கால் லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வேண்டும். 5 பேர் இருக்கும் வீட்டுக்கு 3 நாளைக்கு 60 லிட்டர். 60 கிலோவை எந்த முதுகும் தூக்காது. ஆகவே 20 லிட்டர் கேன் மூன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். உணவுத் தரமுள்ளதாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பூச்சிமருந்து, களைக்கொல்லி கேனை எத்தனை தடவை கழுவினாலும் குடிதண்ணீருக்கு ஆகாது. பாரக்குவாட் என்ற களைக்கொல்லி 2020-இல் தடையாகிவிட்டது, அதன் பழைய கேன்கள் இன்னும் வீட்டுக்கு வீடு புழக்கத்தில் இருக்கின்றன. குழாய்த் தண்ணீர் பிடித்து இறுக்க மூடி, 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடாவிட்டால் ஏடிஸ் கொசு குடித்தனம் வந்துவிடும். கிணற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ என்றால் துணியில் வடிகட்டி, வாசனை சேர்க்காத குளோராக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்) லிட்டருக்கு 2 சொட்டு, அதாவது 20 லிட்டர் கேனுக்கு 2 மில்லி விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கலங்கல் என்றால் இரட்டிப்பு. எலுமிச்சை வாசனை போட்ட பாட்டிலைத் தொடாதீர்கள்.

இதற்கெல்லாம் போர் வரவேண்டும் என்பதில்லை. 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து சிலாங்கூரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. 2021 டிசம்பர் வெள்ளத்தை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குப் பையில் இருப்பது 2,400 கலோரி அமுக்கு பிஸ்கட். உயிர்காப்புப் படகில் ஒருவர் 3 நாள் சாகாமல் கிடக்கச் செய்த சாமான் அது. 5 பேர் வீட்டில் ஒரு வேளையோடு தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் கடை வாசல் கேள்வியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். வல்லரசுகள் மோதினால் சாதாரண மக்கள் போவார்களா? 2022 செப்டம்பரில் ரஷ்யா 3 லட்சம் பேரைத் திரட்டுவதாக அறிவித்ததும் ஜார்ஜிய எல்லையில் கார்கள் வரிசை கட்டின. தன் மண்ணிலேயே அடி வாங்கும் உக்ரைன்கூட 2024 ஏப்ரலில் கட்டாயத் திரட்டல் வயதை 27-இலிருந்து 25-க்கு இறக்க வேண்டியிருந்தது. மலேசியாவில் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடைமுறையில் இல்லை. 2004-இல் தொடங்கி 2018-இல் நிறுத்தி, 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாகத் திரும்பவும் ஆரம்பித்த தேசிய சேவை, களத்துக்கு ஆள் அனுப்புவதற்கானது அல்ல.

ஆனால் தோட்டத்து ஆட்கள் போனதே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், மலாயாவில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில், பிரிட்டிஷாரை எதிர்த்து ஜப்பானோடு நின்ற இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் போன தோட்டத்துப் பெண்கள் பலர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஜப்பான் ஜெயிக்க வேண்டும் என்றா போனார்கள்? இரண்டு வருடம் முன்னால், 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். பிரிட்டிஷ் அரசு படையை இறக்கி அடக்கியது. அந்தக் கணக்கைத் தீர்க்கப் போனவர்கள் உண்டு, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போவதற்குள் ராணுவச் சட்டை மாட்டித் தப்பியவர்களும் உண்டு. வல்லரசின் கொடிக்காகப் போனவர் யாரென்று தேடித்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கும் கேள்வி அப்படித்தான்: அமெரிக்க, சீனச் சண்டையில் லயத்து வீட்டுக்கோ தாமான் வீட்டுக்கோ சொந்தக் கணக்கு என்ன இருக்கிறது?

போகாதவர்கள்தான் அப்போதும் பெருங்கூட்டம். அவர்களைக் கொன்றது அதிகமும் பசியும் நோயும். போருக்கு முன் மலாயா தன் அரிசியில் மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. கப்பல் நின்றதும் மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. இன்று நிலைமை கொஞ்சம் தேவலை, ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறக்குமதிதான். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. இரண்டே மாதத்தில் உள்ளூர் அரிசி கடை அடுக்குகளிலிருந்து காணாமல் போனது. அதற்கு ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. மலாக்கா நீரிணை இரண்டு வாரம் அடைபட்டால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். உரம் வராது, குலை குறையும், கூலியும் குறையும்.

ஆகவே பிஸ்கட்டை விடுங்கள். சோறே பிரதானம் என்றால் 5 பேருக்கு நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி. 10 கிலோ மூட்டை 8 நாள் ஓடும். இரண்டு மூட்டை கையிருப்பில் வைத்து, பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். காய்ந்த மிளகாய் நாலைந்து போட்டால் வண்டு குறையும். பருப்பு, புளி, உப்பு, கருவாடு, சாடின் டின். டின் என்றதும் ஒன்று: மலாயாவின் அவசரகாலத்தில், 1950-களில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று, டின்னை விற்கும்போதே கடைக்காரர் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. வாங்கியவர் அன்றே தின்று தீர்க்க வேண்டும். சேமிப்பு என்பதே சந்தேகத்துக்குரியதாக இருந்த ஊர்கள் இவை. கடை அட்டைக்கு அந்த ஞாபகம் இல்லை.

அடுப்பு: மடிக்கும் தகரம், 4 கிராம் எரிகட்டி 8. எட்டையும் எரித்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும், சோறு வேகாது. புகை கண்ணைக் கரிக்கும், வீட்டுக்குள் வைக்கவே கூடாது. சின்ன கேஸ் கேன் அடுப்பு இருந்தால் அதுவே மேல். 230 கிராம் கேன் முழுத் தீயில் ஒன்றேகால் மணி நேரம் வரும். பெரிய தோசைக்கல்லை வைத்து கேன் பக்கத்தையும் சேர்த்து மூடாதீர்கள். சூடு திரும்பி கேன் வெடிப்பது அப்படித்தான்.

மருந்துப் பெட்டியில் ‘80 உருப்படி’ என்று பெருமை. அதில் 60-க்கு மேல் பிளாஸ்டர். பாராசிட்டமோல் இல்லை, வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசல் இல்லை. நம் வீடுகளில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடாத பெரியவர் எத்தனை பேர்? இரண்டு வாரக் கூடுதல் மாத்திரைக்கு கிளினிக்கில் இப்போதே கேளுங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொதுவாக 28 நாள் தாங்கும். தகரக் கூரைக்கு அடியில் அந்த 30 டிகிரி மதியமே தாண்டிவிடும். ஈர மணலில் வைத்த மண்பானை கைகொடுக்கும்.

ஆவண உறை நன்றாக இருக்கிறது. இரட்டைப் பூட்டு, வாளித் தண்ணீரில் அமிழ்த்தினாலும் உள்ளே இறங்கவில்லை. மைகார்ட் (அடையாள அட்டை) நகல், பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாம் அடங்கும். வீட்டில் யாருக்காவது இன்னும் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை) என்றாலோ, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தாலோ, உறை வாங்குமுன் பதிவு இலாகாவுக்குப் போங்கள். ரேஷனோ நிவாரணமோ, எந்த வரிசையிலும் முதலில் கேட்பது அதைத்தான்.

‘72 மணி நேரம்’ என்பது வெளிநாட்டுக் கணக்கு. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியமும் மக்களுக்குச் சொன்ன அளவு அது. மூன்று நாளில் அரசாங்கம் வந்து சேரும் என்ற நம்பிக்கையில் போட்டது. வெள்ளத்துக்குப் பொருந்தும். கப்பல் நிற்கும் போருக்கு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையைக் குறை சொல்வதற்கில்லை. கேட்டால் பிரித்துக் கொடுக்கிறார்கள்: ரேடியோ 65 வெள்ளி, உறை 8 வெள்ளி. ரேடியோவோடு 22 வெள்ளிக் கேன் மூன்று, 26 வெள்ளிக்கு உள்ளூர் அரிசி ஒரு மூட்டை, மீதியில் பெரிய சாடின் டின் நாலு என்று எடுத்தால் அதே 189 வெள்ளிதான் ஆகிறது. பெட்டி பிரித்தால் திருப்பி எடுப்பதில்லை. ஆனால் காசு கொடுக்குமுன் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கத் தடையும் சொல்வதில்லை. பைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் தோள்பட்டை வாரைத் திருப்பிப் பாருங்கள், ஒற்றைத் தையல். கேன்கள் சனிக்கிழமை லோரியில்தான் வருகின்றன, திங்கட்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.