கிரேட் ஓஷன் ரோடு போறவங்க கவனத்துக்கு: வண்டி நிறுத்த கரண்ட் வசதி உள்ள பவர்டு ஸைட்டுக்கு காசு வாங்கிட்டு கரண்ட் இல்லாத புல்வெளியைக் குடுத்துட்டாங்க

மெல்போர்ன்ல இருக்கவங்க, ஊர்ல இருந்து அப்பா அம்மாவை வரவழைச்சு கேம்பர்வேன் (படுத்துத் தூங்கற வசதி உள்ள வண்டி) எடுத்துட்டு கடலோரமா போற கிரேட் ஓஷன் ரோடு கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கவங்க, தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. ஈஸ்டருக்கு நிறைய பேர் ஏற்கனவே புக் பண்ணியிருப்பீங்க, அதனாலதான் அவசரமா இன்னிக்கே உக்காந்து டைப் பண்றேன்.

மார்ச் மாசம் லேபர் டே லாங் வீக்கெண்டுக்கு நாங்க 6 பேர் போனோம். நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, மதுரைல இருந்து வந்திருக்க எங்க அப்பா அம்மா. அப்பாவுக்கு 71 வயசு, ஸ்லீப் ஆப்னியா இருக்கு, ராத்திரி சிபாப் (மூச்சு தடைபடாம காத்து குடுக்கற) மெஷின் மாட்டிக்காம படுக்கக் கூடாது, படுத்தா மூச்சு நின்னு நின்னு வரும். அதனால எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான், ராத்திரி கரண்ட் வேணும். கடல் தெரியுதா, நீச்சல் குளம் இருக்கா, பசங்களுக்கு ஜம்பிங் பில்லோ இருக்கா, இதெல்லாம் ரெண்டாம்பட்சம்.

ஜனவரிலயே தேட ஆரம்பிச்சேன். கேரவன் பார்க்கோட (வண்டியை நிறுத்தித் தங்கற இடம்) சொந்த வெப்சைட்ல போகாம ஒரு புக்கிங் சைட் வழியா போட்டேன், அங்கதான் முதல் தப்பு. "ஓஷன் வியூ பவர்டு ஸைட்"னு போட்டு, ஒரு கேம்பர்வேன், முன்னாடி ரெண்டு சேர், அதுக்கு அந்தாண்ட கடல், அப்படி ஒரு போட்டோ. லாங் வீக்கெண்டுன்னா குறைஞ்சது 3 நைட் எடுக்கணும்னு வேற, மொத்தம் 438 டாலர், கேன்சல் பண்ணா காசு திரும்ப வராது. புக் பண்ணும்போதே குறிப்புல எழுதினேன், வயசானவர் மெடிக்கல் மெஷின் யூஸ் பண்றார், கரண்ட் கட்டாயம் வேணும்னு. கன்ஃபர்மேஷன் மெயில்லயும் பவர்டு ஸைட்னுதான் இருந்துச்சு.

சனிக்கிழமை காலைல கிளம்பி டோர்க்கி, ஆங்கிள்சீ எல்லாம் பாத்துட்டு ஈஸ்டர்ன் வியூல அந்த மரத்தாலான மெமோரியல் ஆர்ச்கிட்ட நிறுத்தினோம். முதல் உலகப் போர் முடிஞ்சு திரும்பி வந்த சிப்பாய்ங்க, போர்ல செத்துப்போன தங்களோட கூட்டாளிங்க நினைவா 1919ல ஆரம்பிச்சு 1932 வரைக்கும் கடப்பாரை, மண்வெட்டி வச்சு மலையை வெட்டிப் போட்ட ரோடு இதுன்னு சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் அங்கயே நின்னு அந்த மலைச்சரிவைப் பாத்துட்டே இருந்தார். அப்புறம் லார்ன்ல தயிர் சாதம், கென்னட் ரிவர்ல யூகலிப்டஸ் மரத்துல கோலா, அம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம். அதுவரைக்கும் ட்ரிப்ல ஒரு குறையும் இல்ல.

அப்போலோ பே தாண்டினதும் ரோடு கடலை விட்டு உள்ள ஆட்வே காட்டுக்குள்ள போயிடும், வளைவா இருக்கும், போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும், இருட்டுற நேரத்துல கங்காரு, வாலபி குறுக்க ஓடி வரும்னு வீட்டுக்காரர் நிதானமா ஓட்டி பார்க்குக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழரை. ஆபீஸ் பூட்டிட்டாங்க. வாசல்ல ஒரு பெட்டில எங்க பேர் போட்ட கவர், உள்ள கேட் கோடும் ஸைட் நம்பரும் இருந்துச்சு. அந்த நம்பரைத் தேடிப் போனா, பார்க்கோட கடைசில, டம்ப் பாயிண்டுக்கு (வண்டி டாய்லெட் கழிவைக் கொட்டற இடம்) பின்னாடி ஒரு சரிவான புல்வெளி, அதுல ஏழெட்டு டென்ட். கரண்ட் போஸ்ட் ஒண்ணு கூட இல்ல. கடலும் தெரியல, மண்மேடுதான் தெரிஞ்சுது.

ஏதோ கவர் மாறிடுச்சுன்னுதான் முதல்ல நெனச்சோம். ஆபீஸ் கதவுல எழுதியிருந்த ஆஃப்டர் அவர்ஸ் நம்பருக்கு வீட்டுக்காரர் 9 தடவை போன் பண்ணார், எடுக்கவே இல்ல. பக்கத்துல டென்ட் போட்டிருந்த ஒரு பொண்ணு சொல்லுச்சு, இது ஓவர்ஃப்ளோ ஏரியா, கூட்டம் ஜாஸ்தியானா மட்டும் தொறந்து விடுவாங்க, நாங்களும் பவர்டுக்குத்தான் காசு கட்டினோம்னு. அப்பதான் புரிஞ்சுது, இருக்கற ஸைட்டைவிட ஜாஸ்தியா வித்திருக்காங்க, லேட்டா வர்றவங்களை இங்க தள்ளிட்டாங்க. போர்ட் கேம்ப்பெல் வரைக்கும் வேற பார்க்குக்கெல்லாம் போன் போட்டோம், எல்லாம் ஃபுல், பாதி இடத்துல ஆபீஸே மூடியாச்சு. இங்க ரோட்டோரம், லுக்அவுட் கார் பார்க்னு கண்ட இடத்துல வண்டியை நிறுத்திப் படுக்கவும் முடியாது, கூடாதுன்னு அங்கங்க போர்டே வச்சிருக்காங்க, ஃபைன் போடுவாங்க.

டாய்லெட், பாத்ரூம் இருக்கற அமெனிட்டீஸ் பிளாக் கிட்டத்தட்ட 250 மீட்டர் தள்ளி, மேடு ஏறிப் போகணும், லைட் கிடையாது. முட்டி வலியோட அம்மா டார்ச் புடிச்சுட்டு ரெண்டு தடவை போய்ட்டு வந்தாங்க. அப்பா, "நான் உக்காந்தே தூங்கிக்குறேன்மா, நீ பசங்களைப் பாரு"ன்னு முன் சீட்ல சாஞ்சு உக்காந்துட்டார். பதினோரு மணி போல கண் அசந்து, மூச்சு முட்டி திடுக்குனு எழுந்தார் பாருங்க, அதை நெனச்சா இப்பவும் எனக்கு கை நடுங்குது. வீட்டுக்காரர் டார்ச் எடுத்துட்டு பவர்டு ஸைட் பக்கம் போய் ஒவ்வொரு கேரவனா பாத்து, லைட் எரிஞ்சுட்டிருந்த ஒண்ணுல கதவைத் தட்டினார். வயசான ஆஸி தம்பதி, விஷயத்தைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாம அவங்ககிட்ட இருந்த பெரிய போர்ட்டபிள் பேட்டரியைத் தூக்கிட்டு அந்த மனுஷர் எங்ககூட நடந்தே வந்தார். அதுல விடியக்காலம் நாலு மணி வரைக்கும் மெஷின் ஓடுச்சு. அவங்க மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு தெரியல.

காலைல ஆபீஸ் தொறந்ததும் போய் நின்னேன். ஒரு ஸாரி கிடையாது. "நீங்க வேற சைட் வழியா புக் பண்ணியிருக்கீங்க, அவங்ககிட்ட பேசுங்க"ன்னாங்க. மெடிக்கல் குறிப்பு எழுதியிருந்தேனே, பாக்கலையான்னு கேட்டா, அது எங்களுக்கு வரலைன்னாங்க. அதுக்கும் மேல, புக் பண்ணும்போதே 6 பேர்னு போட்டுத்தான் காசு கட்டியிருக்கேன், எக்ஸ்ட்ரா பெர்சன் ஃபீன்னு இன்னொரு 60 டாலர் கேட்டாங்க. கட்ட மாட்டேன்னுட்டு வண்டியை எடுத்துட்டோம். புக்கிங் சைட்டுக்கு போன் பண்ணா அரை மணி நேரம் ஹோல்ட், அப்புறம் "ரீஃபண்ட் தர்றது ப்ராப்பர்ட்டியோட முடிவு". இப்படியே ஒருத்தர் மாத்தி ஒருத்தரைக் கை காட்டினாங்க, எங்க காசு மட்டும் நடுவுல மாட்டிக்கிச்சு.

நான் விடல. ஆஸ்திரேலியன் கன்ஸ்யூமர் லாபடி, சொன்ன சர்வீஸ் ஒண்ணு குடுத்தது ஒண்ணுன்னா "நோ ரீஃபண்ட்"னு எழுதி வச்சு தப்பிச்சுக்க முடியாது. கட்டாயமா கட்டியே ஆகணும்னு இருக்கற ஃபீ எல்லாத்தையும் சேத்து மொத்த விலையை முதல்லயே காட்டணும். கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியால (நுகர்வோருக்கான அரசு அமைப்பு) கேட்டு, பார்க், புக்கிங் சைட் ரெண்டு பேருக்கும் எழுத்துல கம்ப்ளைன்ட் அனுப்பிட்டு, கிரெடிட் கார்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன். கன்ஃபர்மேஷன் மெயில், கவர்ல இருந்த ஸைட் நம்பர், அந்தப் புல்வெளியைச் சுத்தி எடுத்த வீடியோ, ஆஃப்டர் அவர்ஸ் நம்பருக்குப் பண்ண கால் லிஸ்ட், எல்லாம் கூட வச்சேன். ராத்திரி அந்த டென்ஷன்லயும் வீடியோ எடுக்கணும்னு வீட்டுக்காரருக்குத் தோணுச்சு, இப்ப அதுதான் கை குடுக்குது. பேங்க்ல இன்னும் முடிவு வரல, அதனால பார்க் பேரை இங்க போடல, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க.

அந்த ஞாயித்துக்கிழமை காலைல வார்ணம்பூல்ல ஒரு பார்க்குக்கு நேரா போன் பண்ணேன், யாரோ கேன்சல் பண்ணி ஒரு ஸைட் காலியா இருந்துச்சு. அந்தம்மா கேட்ட கேள்விகளைக் கேட்டதும்தான் எனக்கு உறைச்சுது, இதெல்லாம் ஜனவரில நான் கேட்டிருக்க வேண்டியது. வண்டி எத்தனை மீட்டர், ப்ளக் வண்டிக்கு எந்தப் பக்கம் இருக்கு, கரண்ட் எடுக்கற 15 ஆம்ப் லீட் (வயர்) எவ்ளோ நீளம், டாய்லெட் பக்கத்துல வேணுமா, எத்தனை மணிக்கு வருவீங்க, அஞ்சு மணிக்கு மேல ஆனா என் மொபைல் நம்பரை வச்சுக்கோங்கன்னு. ஸைட் நம்பரைச் சொல்லி, அதையே மெசேஜ்லயும் அனுப்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அப்பா எட்டு மணி நேரம் நிம்மதியா தூங்கினார்.

அதனால புக் பண்ணியிருந்தா இன்னிக்கே பார்க்குக்கு நேரா போன் போடுங்க. உங்க பேர்ல புக்கிங் இருக்கா, எந்த ஸைட் நம்பர், ஓவர்ஃப்ளோல போடுவீங்களா, கரண்ட் போஸ்ட் எவ்ளோ தூரம், தரை சமமா இருக்கான்னு கேட்டு பதிலை மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க. ஸைட் நம்பர் சொல்ல மாட்டோம், வந்தப்புறம் பாத்துக்கலாம்னா, ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கும்போதே மாத்திடுங்க. பார்க் மேப்பை டவுன்லோட் பண்ணி சேட்டிலைட் படத்தோட வச்சுப் பாத்தா கடல் எங்க, மேடு எங்க, டாய்லெட் எங்கன்னு வீட்ல உக்காந்தே தெரிஞ்சுடும். ரிவ்யூ படிக்கும்போது மொத்த ஸ்டாரைப் பாக்காதீங்க, போன வருஷ ஈஸ்டர், லாங் வீக்கெண்டு ரிவ்யூவை மட்டும் தேடிப் படிங்க, சாதாரண நாள்ல எல்லா பார்க்கும் நல்லாதான் இருக்கும். நானும் அப்படி இப்ப தேடிப் பாத்தப்போ, அதே பார்க்குல அதே புல்வெளியைப் பத்தி ரெண்டு பேர் ஏற்கனவே எழுதியிருந்தாங்க.

இடம் செலக்ட் பண்றதுலயும் ஒரு விஷயம். ட்வெல்வ் அப்போஸல்ஸ்ல (கடலுக்குள்ள நிக்கற பாறைத் தூண்கள்) விடியலும் அஸ்தமனமும் பாக்கணும்னா ப்ரின்ஸ்டவுன் இல்ல போர்ட் கேம்ப்பெல்ல தங்குங்க, கடலை ஒட்டி ஓட்டுற சுகம் வேணும்னா லார்ன், அப்போலோ பே பக்கம். ஜோஹானா பீச் மாதிரி நேஷனல் பார்க் கேம்ப்கிரவுண்ட் பாக்க அவ்ளோ அழகு, ஆனா கரண்ட் கிடையாது, மெஷின் வச்சிருக்கவங்க, வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க பேட்டரி இல்லாம அந்தப் பக்கம் போகாதீங்க. மதியம் நாலு மணிக்குள்ள, ஆபீஸ் தொறந்திருக்கும்போதே போய்ச் சேந்துடுங்க. ஸைட்டைப் போய்ப் பாத்துட்டு வந்து அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

அந்த பேட்டரி குடுத்த தம்பதி பேலரட் பக்கம். அடுத்த மாசம் அப்பா ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கோம், அம்மா இப்பவே என்ன சமைக்கலாம்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.