ஹெட்லைட் கூட்டுக்குள்ளா, கிரில்லுக்குப் பின்னாலா: மறைவு எல்இடி எச்சரிக்கை விளக்குகள் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் தம் சொந்த வண்டியில் நீல விளக்கையும், தன்னார்வ ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பச்சை விளக்கையும் உரிய அனுமதி பெற்றுப் பொருத்திக்கொள்ளலாம். அழைப்பு வராத நாட்களில் அலுவலகத்துக்கும் கடைக்கும் போய்வரும் வண்டியும் அதுவேதான். ஆகவே கூரை மேல் விளக்குப்பட்டையைச் சுமந்து திரிய விரும்பாத பலர், எரியாதபோது கண்ணில் படாத எல்இடி விளக்குகளை நாடுகிறார்கள். அவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு விளம்பரங்கள் ஒளியின் அளவைக் கொண்டு விடை சொல்கின்றன. என் கணிப்பில், விளக்கின் திறனைவிட அது குடியேறும் இடம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது.

எல்இடிக்கு முந்தைய, செனான் வாயுக் குழாயால் பளிச்சிடும் ஸ்ட்ரோப் வகையை நீண்ட நேரம் ஆராயத் தேவையில்லை. அந்தக் குழாய்க்குத் தனி மின்வழங்கிப் பெட்டியும், உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் கேபிளும் வேண்டும். குழாயும் நாளடைவில் மங்கும். பழைய வண்டியில் ஏற்கெனவே அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலன்றி, புதிதாக அதைப் பொருத்துவதில் பொருளில்லை.

உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையே நடக்கிறது. முதலாவது, ஹெட்லைட் அல்லது டெயில் லைட்டைத் தாங்கும் உறையான கூட்டின் முதுகில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் துளையிட்டு, உள்ளே தலைநீட்டும் ஹைட்-அவே விளக்கு. வீலன் நிறுவனத்தின் வெர்டெக்ஸ், ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் கேனன் ஆகியவை இவ்வகை. இரண்டாவது, வண்டி முகப்பிலுள்ள கிரில்லின் சட்டங்களுக்குப் பின்னால் தகட்டில் திருகப்படும் மெல்லிய, ஒருதிசை விளக்கு.

நேர் எதிரே வருபவருக்கு எச்சரிக்கை தருவதில் கிரில் விளக்கே வலியது. அதன் முன் உள்ள லென்சு கதிர்களைக் குவித்து ஒரே திசையில் அனுப்புகிறது. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே595 என்னும் தரம் இத்தகைய ஒருதிசை விளக்குகளுக்காகவே எழுதப்பட்டது. ஹைட்-அவே விளக்கோ ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடுவதால், எந்த ஒரு கோணத்திலும் அதன் வலிமை குறைகிறது. ஆனால் நாற்சந்தியில் குறுக்கே வரும் வண்டிக்கு எட்டுவது அந்தச் சிதறிய ஒளிதான். கூட்டின் வெளி ஓரத்தில், இண்டிகேட்டருக்கு அருகே அமைந்தால், பக்கவாட்டில் காத்திருக்கும் ஓட்டுநரின் கண்ணில் அது படும். கிரில்லுக்குள் ஆழமாகப் புதைந்த விளக்கு அவருக்குத் தெரியாது. நியூயார்க்கில் நீல விளக்கு வழிவிடக் கோரும் வேண்டுகோள் மட்டுமே. சிவப்பு சிக்னலைத் தாண்டும் உரிமையை அது தருவதில்லை. அப்படியிருந்தும் சந்திப்பில் பக்கவாட்டுத் தெரிவையே நான் முதலில் கேட்பேன், ஏனெனில் மோதல்களுக்கு அங்கேதான் வாய்ப்பு மிகுதி.

இரவில் நிலைமை மாறுகிறது. எரியும் லோ பீமுக்கு (ஹெட்லைட்டின் தாழ்வான ஒளிக்கு) பக்கத்திலேயே துளையிட்டால், ஹெட்லைட்டின் வெண்மை நீலத்தை விழுங்கிவிடும். விளக்கு எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இது மாறாது. பல்பின் ஒளியை முன்னே திருப்பும் பிரதிபலிப்புக் கிண்ணத்திலேயே துளையிடுவது அதைவிடத் தவறு, ஏனெனில் அது ஹெட்லைட்டின் கதிர் வடிவத்தையே கெடுத்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யலாம். வண்டி விளக்குகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சித் தரம் எஃப்எம்விஎஸ்எஸ் 108. அதற்கேற்ப அமைந்த பாதுகாப்பு உறுப்பைப் பழுதுபார்ப்புக் கடைகள் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாதென்று கூட்டாட்சிச் சட்டம் விதிக்கிறது. இண்டிகேட்டர் அறையும் லோ பீமும் ஒரே கிண்ணத்தைப் பகிரும் வண்டிகளிலும், தொழிற்சாலையிலேயே எல்இடி ஹெட்லைட் வந்த வண்டிகளிலும் துளையிடும் எண்ணத்தையே கைவிட்டுக் கிரில்லுக்குப் போவது நல்லது. அத்தகைய முழுக் கூட்டை மாற்ற நேர்ந்தால், செலவு எச்சரிக்கை விளக்குகளின் விலையைப் பல மடங்கு மீறிவிடும்.

பின்பக்கத்தில் நிறமே முதல் வடிகட்டி. எல்இடி குறுகிய அலைநீளப் பட்டையில் ஒளிர்வதால், சிவப்பு லென்சின் பின்னால் வைத்த நீல விளக்கிலிருந்து வெளியே வருவது மிகச் சொற்பம். சிவப்பு விளக்கு மட்டும் தடையின்றிக் கடக்கும். வேறு நிறமெனில் ரிவர்ஸ் லைட்டின் நிறமற்ற பகுதியில்தான் இடம். எந்த நிறம் எந்தத் திசையை நோக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், துளைக்கும் கருவியை எடுப்பதற்கு முன்பே சட்டத்தைப் படித்துவிட வேண்டும். துளையே வேண்டாமென்று ரிவர்ஸ் பல்பின் இடத்தில் நிறப் பல்பைச் செருகுவோர், பின்னோக்கி நகர்வதைக் காட்டும் வெள்ளை விளக்கை இழக்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துளையிடுவதென்று முடிவானால், அவசரமே பெரும் கேடு. கூட்டை வண்டியிலிருந்து கழற்றி, உள்ளே எந்த வயரும் மோட்டாரும் கிண்ணமும் குறுக்கே இல்லை என்பதை ஆழம் அளந்து உறுதிசெய்த பிறகு, படி வடிவ டிரில் பிட்டைக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகும் அல்லது விரியும். உள்ளே உதிரும் துகள்களை உறிஞ்சி எடுக்காவிட்டால் அவை லென்சின் அடியில் நிரந்தரமாகத் தங்கும். விளக்கோடு வரும் ரப்பர் வளையத்தை முழுமையாக அழுத்தி, ஐயமிருந்தால் அமில வாடை வீசாத நியூட்ரல் சிலிகானைப் பூச வேண்டும், ஏனெனில் அமில வகை உலோகத்தை அரிக்கும். கூட்டின் காற்றுத் துவாரங்களை மட்டும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி லென்சில் பனிபோலப் படியும்.

ஃபோர்டு நிறுவனம் காவல்துறைக்கென விற்கும் இன்டர்செப்டர் யுட்டிலிட்டி வண்டியில், இத்தகைய விளக்குகளைத் திருகி மூட ஏற்ற துளைகளோடு வார்த்த கூடுகளை விருப்பத் தேர்வாகப் பெறலாம். அங்கே மேற்சொன்ன அபாயங்கள் பெரும்பாலும் மறைவதால் ஹைட்-அவே தயக்கமின்றி வெல்கிறது. தன்னார்வலரின் சாதாரண பிக்கப்பிற்கு அந்த வசதி இல்லை. ஆகவே முன்னால் கிரில்லில் இரண்டு ஒருதிசை விளக்குகளும், கூட்டில் இடமிருந்தால் மட்டும் வெளி ஓரத்தில் ஒரு சோடி ஹைட்-அவேயும் என்ற கலவையையே, சட்டம் அத்தனை விளக்குகளை அனுமதிக்கும் மாநிலங்களில், நான் தேர்ந்தெடுப்பேன். இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கினால் ஒத்திசைவு வயர் மூலம் ஒரே தாளத்தில் மின்ன வைப்பது எளிதாகும். மின்சாரத்தை வண்டியின் சொந்த விளக்கு வயரிலிருந்து கிள்ளாமல், பேட்டரியின் அருகிலேயே ஃப்யூஸ் வைத்துத் தனியாக இழுக்க வேண்டும்.