படத்தில் ஒளிர்ந்த மண் விளக்கு: 3டி டிசைன் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வில்லியனூரில் எங்கள் குடும்பத்துக்குச் சுடுமண் வேலைதான் பிழைப்பு. போன வருஷம் புதுச்சேரி விடுதி ஒன்றிலிருந்து 40 மேசை விளக்குகள் கேட்டார்கள். "முதல்ல 3டி படம் காட்டுங்க, பிடிச்சா ஆர்டர் தர்றோம்" என்றார்கள். எனக்குக் கம்ப்யூட்டரில் வரையத் தெரியாது. நகரத்தில் ஒரு டிசைன் சென்டரில் ரூ.14,000 பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். படமும், அச்சு எடுக்கத் தேவையான ஃபைலும் சேர்த்துத்தான் அந்தத் தொகை.

நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. உருண்டை அடிப்பாகம், மேலே துளை போட்ட மண் ஷேடு. துளைகளில் மட்டுமில்லை, ஷேடு முழுவதுமே உள்ளிருந்து செம்பொன்னாக ஒளிர்ந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மண்ணுக்குள்ளருந்து வெளிச்சம் எப்படிம்மா வெளிய வரும்?" நான் அதைக் காதில் வாங்காமல் படத்தை விடுதிக்கு அனுப்பினேன். உடனே சரி என்றார்கள். மீதி ரூ.7,000-ஐயும் அன்றே அனுப்பிவிட்டேன்.

அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. சுட்ட மண் வெளிச்சத்தை விடாது, துளை வழியாக மட்டும்தான் வரும். மென்பொருளில் எந்தப் பொருளுக்கும் ஒளி ஊடுருவும் தன்மையைக் கொடுத்துவிடலாம். படத்தில் தெரியாதபடி கூடுதல் விளக்குகளையும் வைக்கலாம். அந்தப் படத்தில் இரண்டையும் செய்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஃபைலை எடுத்துக்கொண்டு கடலூரில் 3டி பிரிண்ட் போடுபவரிடம் போனேன். பிளாஸ்டிக்கில் ஒன்று எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு செய்வதாக யோசனை. அவர் திறந்ததும் விளக்கு நகத்தளவில் தெரிந்தது. அது எஸ்.டி.எல். ஃபைல், 3டி பிரிண்டுக்கு வடிவத்தை மட்டும் சொல்லும் வகை. அதில் அலகு இருக்காது. அங்குலத்தில் வரைந்த 11, மில்லிமீட்டரில் 11 ஆகிவிடும். 25.4-ஆல் பெருக்கிச் சரிசெய்தார். அதுவரை பரவாயில்லை. அப்புறம் குறுக்கே வெட்டிக் காட்டினார். சுவருக்குக் கனமே இல்லை, வெறும் தோல். பல்பு ஹோல்டர் உட்கார இடமில்லை, ஒயர் வெளியே வர வழியில்லை. ஷேடு அடிப்பாகத்தைத் தொடாமல் மேலே மிதந்தது. எங்கள் மண்ணில் ஈரமாக 10 செ.மீ. இருப்பது காய்ந்து சுட்டதும் ஏறக்குறைய 9 செ.மீ.தான் நிற்கும். அதை டிசைன் சென்டரில் இரண்டு முறை சொல்லியும் கணக்கில் எடுக்கவில்லை.

திரும்பப் போய்க் கேட்டால், "மேடம், நீங்க கேட்டது படம்தானே" என்றார்கள். சரி, திருத்தவாவது திருத்துகிறோம், மூல ஃபைலைக் கொடுங்கள் என்றதற்கு இன்னும் ரூ.6,000 கேட்டார்கள். பில்லும் தரவில்லை. வியாபாரத்துக்குச் செய்தது நுகர்வோர் புகாரில் வராது என்று மிரட்டல் வேறு. அது முழு உண்மையில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்குவதை 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். வாட்ஸ்அப் பேச்சும் பணம் அனுப்பிய விவரமும்தான் என் கையில் உள்ள சாட்சி.

விடுதிக்கு நிஜ மண்ணில் ஒன்று சுட்டு, பல்பு போட்டுக் காட்டினேன். துளைகளில் மட்டும் வெளிச்சம். "படத்துல இருந்த மாதிரி இல்லையே" என்று ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், அழகான படத்துக்கு முன்னால் வெட்டுத்தோற்றம் கேளுங்கள். சுவர்க் கனம் எத்தனை மி.மீ., ஹோல்டர் பின் வைத்த பி22-ஆ, திருகும் இ27-ஆ, ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்.டி.எல். மட்டும் போதாது, ஸ்டெப் (STEP) என்ற இன்னொரு வகை 3டி ஃபைலும் வேண்டும். அதில்தான் அளவு மாற்றுவது சுலபம். ஃப்ரீகேட் இலவச மென்பொருள். அதில் திறந்து வெட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அந்த சென்டர் இப்போது தங்கள் விளம்பரத்தில் என் விளக்கின் படத்தைத்தான் போட்டிருக்கிறது. செம்பொன்னாக ஒளிரும் மண் ஷேடைக் காட்டி யாராவது உங்களிடம் வேலை கேட்டு வந்தால், அது இதுவரை சூளை ஏறாத விளக்கு.