தெடிஸில் ப்யூர்சிக்னல்: ஃபீட்பேக் கம்பியில்தான் விஷயம்

13.8 வோல்ட்டில் ஓடும் 100 வாட் ஹெச்.எஃப். (குறுஅலை) அமெச்சூர் ரேடியோ செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு, முழுப் பவரில் மூன்றாம் படி ஐ.எம்.டி. (ஆம்ப்ளிஃபயரில் டோன்கள் ஒன்றோடொன்று கலந்து பிறக்கும் போலி சிக்னல்) 25–30 டிபி கீழே இருந்தாலே பெரிய விஷயம். அந்த மிச்சம்தான் பக்கத்து அலைவரிசைக்காரர் காதில் ஸ்பிளாட்டராக, அதாவது இரைச்சலாக, விழுகிறது. வாரன் பிராட் (அழைப்புக்குறி என்.ஆர்.0.வி.) உருவாக்கிய ப்யூர்சிக்னல், அதே ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டே அதை 50 டிபி-க்கும் கீழே தள்ளுகிறது. செட்டைக் கணினியிலிருந்து இயக்கும் தெடிஸ் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டும். இங்கே சொல்வது அனான்-7000டிஎல்இ வகை செட்டுக்கு.

அவுட்புட்டிலிருந்து கொஞ்சம் சாம்பிள் எடுத்து, அனுப்பிய சிக்னலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. எந்த அளவில் கெயின் எவ்வளவு குறைகிறது, ஃபேஸ் எத்தனை டிகிரி திரும்புகிறது என்று வளைவு போட்டு, அதற்கு நேர் எதிர் வளைவை முன்கூட்டியே சிக்னலில் ஏற்றிவிடுகிறது. கணக்கு அருமை. சொதப்புவதெல்லாம் சாம்பிள் வரும் பாதையில்தான்.

முதலில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை விழுங்கும் மின்தடை). 14.200 மெகாஹெர்ட்ஸ், யு.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை) முறை. ப்யூர்சிக்னல் ஜன்னலில் டூ-டோனை அழுத்தினால் 700, 1900 ஹெர்ட்ஸ் டோன்கள் 14200.7, 14201.9 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். 14199.5, 14203.1-இல் முளைப்பவை மூன்றாம் படி, 14198.3, 14204.3 ஐந்தாம் படி. திருத்தத்தை இயக்கும் பி.எஸ்-ஏ பொத்தானைத் தட்டியதும் ஓரிரு நொடியில் இவை பொலபொலவென்று விழ வேண்டும். டூ-டோனைப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் ஓடவிடாதீர்கள். பேச்சைவிட சராசரி பவர் அதிகம், டிரான்சிஸ்டர் சூடாகும்.

விழவில்லை என்றால் ஃபீட்பேக் லெவல் (திரும்பி வரும் சாம்பிளின் அளவு) எண்ணைப் பாருங்கள். 129 முதல் 181 வரை பச்சை, குறி 152. அதற்கு மேல் நீலம்: சாம்பிள் அதிகம். 91–128 மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. ஆட்டோ அட்டெனுவேட் டிக்கைப் போட்டால் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் அட்டெனுவேட்டரின் எல்லைக்குள்தான். எண் சரியாக இருந்தும் கரெக்டிங் விளக்கு எரியவில்லையா? கெட்பீக் (அளந்த உச்சம்), செட்பீக் (நாம் கொடுத்த உச்சம்) இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். செட்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை புரோட்டோகால் 2 என்றால் வழக்கமாக 0.2899, புரோட்டோகால் 1-இல் 0.4072. ஒத்துப்போகாவிட்டால் உச்ச அளவுக்கான சாம்பிளே கிடைக்காது, கேலிப்ரேஷன் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வெளி லீனியர் (செட்டுக்குப் பின்னால் சேர்க்கும் கூடுதல் பவர் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்கள் அதிகம் தவறும் இடம் ஒன்று உண்டு. ஃபீட்பேக்கை உள் கப்ளரிலேயே (செட்டுக்குள் சாம்பிள் எடுக்கும் பகுதி) விட்டுவிட்டால், திருத்தப்படுவது செட் மட்டும். திரை பளிச்சென்று சுத்தமாகக் காட்டும். லீனியரின் குப்பை அப்படியே ஆன்டெனாவுக்குப் போகும். சாம்பிளை லீனியருக்குப் பின்னால், ட்யூனருக்கு முன்னால் எடுத்து, பைபாஸ் இன்புட்டில் கொடுத்து, ஃபீட்பேக்கை எக்ஸ்டெர்னலுக்கு மாற்றுங்கள். கணக்கு எளிது: 500 வாட் என்பது 57 டிபிஎம் (1 மில்லிவாட்டைவிட 57 டிபி மேலே). 40 டிபி கப்ளர் போட்டால் 17 டிபிஎம், அதாவது 50 மில்லிவாட். மேலே 20 டிபி பேட் (சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர்) சேர்த்தால் −3 டிபிஎம். பேட் இல்லாமல் நேரே செருகுவது ஏடிசி-யோடு (சிக்னலை எண்களாக்கும் சிப்) விளையாடுவது.

லீனியரிலிருந்து செட்டுக்கு வரும் ஏ.எல்.சி. (டிரைவைத் தானாகக் குறைக்கும் கட்டுப்பாடு) கம்பியைக் கழற்றிவிடுங்கள். ப்யூர்சிக்னல் ஒரு வளைவைக் கற்றுக்கொண்டிருக்கும்போது ஏ.எல்.சி. கெயினை இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் மல்லுக்கட்டும். பவர் சப்ளை தொய்வும் அப்படித்தான்: திருத்தம் அந்த நேரத்து அளவை வைத்துத்தான், முந்தைய நொடியின் சூடோ வோல்ட் இறக்கமோ அதில் சேராது.

ஃபீட்பேக் பாதையே கோணலாக இருந்தால்? ஓவர்லோட் ஆன ஏடிசி-யின் கோணலையும் ஆம்ப்ளிஃபயருடையது என்று நம்பி, எதிர் வளைவைப் போட்டு ஆன்டெனாவுக்கு அனுப்பிவிடும். திரையில் அப்போதும் சுத்தம், ஏனென்றால் திரை பார்ப்பதும் அதே பாதை வழியாகத்தான். வேறொரு ரிசீவரிலோ ஸ்பெக்ட்ரம் அனலைசரிலோ ஒருமுறை சரிபார்க்காமல் எண்ணைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்லும்போது ஒரு டோனுக்குக் கீழேயா, பி.இ.பி.-க்குக் (உச்ச பவருக்குக்) கீழேயா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதிலேயே 6 டிபி வித்தியாசம்.

இதனால் ஆகாதவையும் உண்டு. முட்டி நிற்கும் ஆம்ப்ளிஃபயரிடமிருந்து கூடுதல் பவர் கிடைக்காது. டிரைவைக் கொஞ்சம் குறைத்தால்தான் வளைவுக்கு இடம் கிடைக்கும். ஹார்மோனிக்குகளைத் தொடாது, லோ-பாஸ் ஃபில்டர் கட்டாயம். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையை மட்டுமே ஓட்டுபவருக்கு இதில் லாபம் ஒன்றுமில்லை: அந்த சிக்னலின் உயரம் மாறுவதே இல்லை, திருத்தவும் ஒன்றுமில்லை, கேலிப்ரேஷனுக்குத் தேவையான ஏற்ற இறக்கமும் இல்லை.