2147483647ஆ, 1000000007ஆ?

நல்லூரில் இருக்கிற சித்தியின் மகன் புரோகிராமிங் போட்டிக்குப் படிக்கிறான். "அண்ணை, விடை பெரிசாகிப் போகாமல் இருக்க எந்த முதன்மை எண்ணால வகுத்து மீதி எடுக்கிறது?" என்று கேட்டான்.

2147483647 பேர்போனது. 2இன் 31ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் மெர்சென் எண்; இது முதன்மை எண்தான் என்று 1772இலேயே கணித மேதை ஒயிலர் காட்டிவிட்டார், அதுவும் கையால்! இருமத்தில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், அதனால் மீதி காண வகுக்கவே தேவையில்லை, பிட்டுகளை நகர்த்திக் கூட்டினால் சரி.

1000000007 பத்து இலக்க முதன்மை எண்களில் மிகச் சிறியது. இரண்டு மீதிகளைக் கூட்டினாலும் 2000000012ஐத் தாண்டாது, குறியுள்ள 32 பிட் எண் வகைக்குள் (நேர், மறை இரண்டையும் வைக்கும் வகை) அடங்கும். மெர்சென்காரரோடு அதே கூட்டலைச் செய்தால் நிரம்பி வழிந்து மறை எண் வந்து நிற்கும், ஏனென்றால் அந்த வகையின் உச்சமே அவர்தான். (ஓர் இரவு முழுக்க இந்தப் பிழையைத் தேடியிருக்கிறேன்.) பெருக்கலுக்கு எப்படியும் இரண்டுக்கும் 64 பிட் வேண்டும்.

எனக்குப் பிடித்த வித்தியாசம் வேறு. 1இல் தொடங்கி, திரும்பத் திரும்ப 2ஆல் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டு போனால் முதலாவதில் 31ஆம் அடியிலேயே 1க்கு வந்துவிடும், இரண்டாவதில் 500000003 அடி நடக்க வேண்டும், அந்த 500000003உம் ஒரு முதன்மை எண்! ஆகவே எழுத்துச்சரத்துக்கு ஹாஷ் போடும்போது (எழுத்துகளை ஓர் அடியெண்ணின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டி ஒரே எண்ணாகச் சுருக்கும்போது) 2ஐ அடியெண்ணாக வைத்தால் மெர்சென் படு மோசம்.

தம்பிக்கு 1000000007 என்றே சொன்னேன். எழுமாற்று எண்கள் உருவாக்குவதென்றால் மட்டும் மற்றது: 16807ஆல் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போனால் 1 முதல் 2147483646 வரை ஒன்றும் விடாமல் தொட்டுவிட்டுத்தான் திரும்பும்.