உப்புக்காற்றில் ஒரு அம்பாசடர்: 12 வருட வயரிங் அனுபவம்

என்னுடையது 1986 மாடல் அம்பாசடர், மார்க் 4, பெட்ரோல் வண்டி. 2013-இல் மதுரையில் வாங்கி மண்டபத்துக்கு ஓட்டி வந்தேன். இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசே வராது. 1489 சிசி, இரும்புக் கட்டி மாதிரி இன்ஜின். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும். இத்தனை வருடத்தில் என்னை வழியில் நிறுத்தியதெல்லாம் கரண்ட் சமாச்சாரம்தான்.

மதுரையில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை என்று பழைய ஓனர் சொன்னார். அதை நான் முழுசாக நம்புகிறேன். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் அடித்தால் தெற்கிலிருந்து உப்பு வரும், வாடை அடித்தால் வடக்கிலிருந்து வரும். காலையில் முன்கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்புதான் பானட்டுக்குள்ளும் போய் ஒவ்வொரு வயர் முனையிலும் உட்காருகிறது.

முதல் மூன்று வருடம் செல்ஃப் தொல்லை, அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் தொல்லை. சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்', அப்புறம் இழுத்து இழுத்துச் சுற்றும், சில நாள் அதுவும் இல்லை. புது பேட்டரி போட்டேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ் மாற்றினேன். அந்த மோட்டாருக்குக் கரண்ட் விடும் சாலினாய்டு சுவிட்சும் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு மாதம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை. ஏன் இரண்டு மாதம் என்று அப்போது புரியவில்லை. பார்ட்டை மாற்றும்போது வயரைக் கழற்றி மாட்டுகிறோம் அல்லவா? முனையில் இருந்த களிம்பு கொஞ்சம் உரசிப் போய்விடுகிறது. வேலை செய்தது அந்த உரசல்தான், புது பார்ட் இல்லை.

இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் பாம்பனில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் ஒரு அண்ணன். கார் மெக்கானிக் இல்லை. பானட்டைத் திறக்கச் சொல்லி, நாலைந்து தடவை செல்ஃப் அடிக்கச் சொன்னார். பிறகு, "தம்பி, சோக் கம்பியைத் தொட்டுப் பாருங்க" என்றார். டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் கம்பி அது. தொட்டேன். சுட்டது. இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகவில்லை, சைலன்சர் கூடச் சில்லென்று இருக்கிறது, சோக் கம்பி மட்டும் சுடுகிறது. "எர்த் போற வழி அடைச்சுப் போச்சு. கரண்ட் இதுல ஏறித் திரும்புது" என்றார்.

விஷயம் இதுதான். செல்ஃப் அடிக்கும்போது 100 ஆம்பியருக்கும் மேல் கரண்ட் ஓடும். போன கரண்ட் இன்ஜினிலிருந்து பாடிக்கும், அங்கிருந்து பேட்டரி மைனஸுக்கும் திரும்பி வர வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். அது கெட்டால் கரண்ட் வேறு இரும்பைத் தேடும். கிடைப்பது சோக் கம்பியும் ஆக்சிலரேட்டர் கம்பியும். இரண்டும் போய்ச் சேருவது கார்புரேட்டரில், அதாவது பெட்ரோல் இருக்கிற இடத்தில். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பட்டை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே கிரீஸும் தூசியும் படிந்து தடித்த நாடா போல இருந்தது. இரண்டு விரலால் அழுத்தினேன், நமுத்த முறுக்கு மாதிரி உள்ளே போனது. பிரித்தால் பச்சைப் பொடி. நூறு இழை இருந்த இடத்தில் பத்துப் பதினைந்துதான் முழுசாக இருந்தன.

மாற்றும்போது அண்ணன் வரிசையைச் சொல்லிக் கொடுத்தார். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். புதுப் பட்டையை வைத்து, பல் வாஷர் போட்டு முறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேலே கிரீஸ். முதலிலேயே கிரீஸைத் தடவிவிட்டு முறுக்குகிறவர்கள் நிறைய. உலோகமும் உலோகமும் முதலில் ஒட்ட வேண்டும், கிரீஸ் வெளியே உப்பைத் தடுக்க மட்டும்.

இப்போது நான் எதையும் மீட்டர் வைக்காமல் மாற்றுவதில்லை. டெஸ்ட் எளிது. ஸ்பார்க்குக்கான கரண்டை உண்டாக்கும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்கு வரும் நடு வயரை உருவி இன்ஜினில் எர்த் செய்துவிடுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. என் வண்டியில் அன்று 1.8 காட்டியது. பட்டை மாற்றிய பிறகு 0.15. அந்தச் செல்ஃப் மோட்டாரே இன்றுவரை ஓடுகிறது.

இரண்டாவது பெரிய தொல்லை இக்னிஷனில். முக்கால் மணி நேரம் ஜோராக ஓடும். ராமநாதபுரத்திலிருந்து திரும்பும்போது உச்சிப்புளி பக்கம் வந்ததும் முக்கும், நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். எல்லோரும் பெட்ரோல் பம்ப் என்றார்கள். நானும் பம்ப் மாற்றினேன். தொல்லை போகவில்லை.

ஒரு நாள் நின்ற இடத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு வெட்டும் தொடுமுனை) மூடியிருந்த நிலையில் சாவியைப் போட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பாயிண்டைப் பிரித்துப் பார்த்தேன். பளிச் பளிச்சென்று தடிமனாகப் பொறி அடித்தது. அங்கே அவ்வளவு பொறி வரக் கூடாது. பாயிண்ட் பிரியும்போது அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ள வேண்டியது கண்டென்சர். அது சூடாகி உள்ளே விட்டுப் போனால் பொறி பாயிண்டிலேயே செலவாகிவிடும், பிளக்குக்கு வராது. காயிலிலிருந்து வருகிற ஸ்பார்க்கைப் பார்த்தேன், நீலம் இல்லை, மங்கிய மஞ்சள். ஒரு சின்ன கண்டென்சர் போட்டதும் வண்டி சரியானது. அன்றிலிருந்து என் பழக்கம், நின்றவுடனே ஸ்பார்க் பார்ப்பது. ஆறிய பிறகு பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

கடையில் கிடைக்கும் புதுக் கண்டென்சர் எல்லாம் நம்பக்கூடியதில்லை என்பதும் அனுபவம். ஒன்று இரண்டே மாதத்தில் போனது. ஓடிப் பார்த்து நல்லது என்று தெரிந்த ஒன்றை டேஷ்போர்டில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

வாடைக் காலத்தில் விடியற்காலை ஸ்டார்ட் ஆகாவிட்டால் நான் பார்ப்பது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத்தான். உப்புப் படலம் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கரண்ட் அதன் மேலேயே ஓடிவிடும். ஒரு கார்த்திகை மாத இருட்டில் பானட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டேன். பிளக் வயர்கள் மேல் நீலப் பொறி எறும்பு மாதிரி ஊர்ந்தது. கேப்பின் உள்ளே தலைமுடி அளவுக்கு ஒரு கரிக்கோடு. அதைத் துடைத்தால் போகாது, கேப்பை மாற்றத்தான் வேண்டும். வயர்களையும் சேர்த்து மாற்றினேன்.

பாயிண்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்கிறவர்கள் உண்டு. தினமும் டவுனில் ஓட்டுபவருக்கு அது நல்லதுதான், அடிக்கடி இடைவெளி பார்க்கும் வேலை மிச்சம். நான் போடவில்லை. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் கடலும் மணலும்தான், ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிடையாது. பாயிண்ட் என்றால் ஒரு துண்டு உப்புத்தாளும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் போதும், தேய்த்து இடைவெளி 0.38 மில்லிமீட்டர் வைத்து வீட்டுக்கு வந்துவிடலாம். எலெக்ட்ரானிக் மாட்யூல் போனால் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஹெட்லைட்டுக்கு ரிலே (பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச்) போட்டது நல்ல முடிவு. பழைய சுவிட்ச் வழியாக வந்து மங்கிக் கிடந்த வெளிச்சம், பாம்பன் பாலத்தில் எதிரே பஸ் வந்தாலும் ஓரக்கோடு தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது.

பின்பக்க வயரிங் மட்டும் இன்னும் பழையது. போன வாரம் பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது என்று பின்னால் வந்த பையன் சொன்னான். அதுவும் எர்த்தாகத்தான் இருக்கும். லைட் உட்காரும் தகடு துருப்பிடித்திருக்கிறது. ஐப்பசி மழைக்குள் இரண்டு லைட்டுக்கும் பாடியை நம்பாமல் தனியாக ஒரு எர்த் வயர் இழுக்கப் போகிறேன். வயர் வாங்கி வைத்துவிட்டேன்.